உப்புக்காற்றில் வெறும் தகட்டுக்குப் பிரைமர்: எதை அடிப்பது, அதற்கு முன் என்ன செய்வது

தங்கச்சிமடத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் கேட்டிருப்பது இது. தம்முடைய பழைய மாருதி 800 காரின் பானட்டையும் ஓட்டுநர் பக்கக் கதவையும் வீட்டு முற்றத்திலேயே வெறும் தகடு தெரியும்வரை உரித்து, மறுநாள் காலையில் லேசாகத் தெரிந்த துருவைத் தேய்த்துவிட்டு, தின்னரால் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமரும் (தகட்டில் முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) அதன்மேல் பட்டியும் (பள்ளம் நிரப்பும் பசை) பெயின்ட்டும் அடித்திருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் கடுகளவில் கொப்புளங்கள் கிளம்பிவிட்டன. இப்போது மறுபடியும் உரிக்கப் போகிறார். எட்ச் பிரைமர் நல்லதா, எபாக்சி பிரைமர் நல்லதா, உரித்த எத்தனை மணி நேரத்திற்குள் அடிக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி. அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது, சரியாகத்தான் செய்தோம் என்று நினைத்த வேலை ஏன் ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை என்பது. பிரைமரின் பெயரைச் சொல்வது எளிது. இந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பிரைமரை அடித்தாலும் அடுத்த மழைக்கு அதே கொப்புளம் வரும்.

நான் இராமநாதபுரத்தில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறையில் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். பாம்பன் தீவிலிருந்தும் மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கமிருந்தும் வரும் வண்டிகள்தான் பெரும்பாலும் என் கைக்கு வருகின்றன. உங்கள் கதவை நேரில் பார்க்காமல் காரணத்தை அறுதியிட்டுச் சொல்ல என்னால் இயலாது. ஆனால் நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ஒரு கொப்புளத்தைக் குண்டூசியால் குத்தி, மூடியிருக்கும் பெயின்ட்டைக் கத்தி முனையால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே சொட்டுத் தண்ணீர் இருந்து, அடியில் தகடு கறுத்துத் தெரிந்தால், பிரைமருக்கு அடியில் உப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். தண்ணீர் இல்லாமல் பொருபொருவென்று பழுப்புத் துருவாக இருந்தால், பழைய துருவை முழுதாக எடுக்காமல் மூடியிருக்கிறீர்கள். தகடு வரைக்கும் போகாமல் பிரைமருக்கும் பட்டிக்கும் இடையிலேயே கழன்று வந்தால், மேலே அடித்த பெயின்ட்டின் தின்னர் ரெட் ஆக்சைடை இளக்கித் தூக்கியிருக்கிறது. ஒரே கதவில் இந்த மூன்றும் சேர்ந்து இருப்பதும் உண்டு.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உப்பின்மீதுதான் என் சந்தேகம். கடற்காற்றில் வரும் உப்பு கண்ணுக்குத் தெரியாமல் தகட்டில் படிகிறது. சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும்; கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரப்பதத்திலேயே அதைச் செய்துவிடும். நம் கரையில் ஈரப்பதம் அந்த 33 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் நாள் அபூர்வம் என்பதால், தகட்டில் உப்பு இருந்தால் அங்கே எப்போதும் மெல்லிய ஈரப்படலமும் இருக்கிறது. பெயின்ட் படலம் எதுவாக இருந்தாலும் சிறிதளவு நீராவியை உள்ளே விடத்தான் செய்யும். அடியில் இருக்கும் உப்பு அந்த நீரை இழுத்து இழுத்துச் சேர்ப்பதால்தான் கொப்புளம் எழுகிறது. பிறகு குளோரைடு தகட்டைத் தின்னத் தொடங்குகிறது, துரு பக்கவாட்டில் பரவுகிறது.

இங்கேதான் நம் பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது. எண்ணெயையும் கிரீசையும் எடுக்கும் தின்னர் உப்பைக் கரைக்காது. எத்தனை முறை துடைத்தாலும் உப்பு இடம் மாறுமே தவிர நீங்காது. உப்புத்தாளால் தேய்த்தாலும் மேற்பரப்பில் இருப்பது போகும், துருப்பிடித்த குழிகளுக்குள் இருப்பது இன்னும் ஆழமாக அழுந்தும். மறுநாள் காலையில் நீங்கள் பார்த்த அந்த இளம் செம்மஞ்சள் துரு, குழிகளுக்குள் குளோரைடு தங்கிவிட்டதன் அடையாளமாக இருந்திருக்கலாம். உப்பை எடுக்க நல்ல தண்ணீர் ஒன்றுதான் வழி.

இந்தக் கரையில் உப்பின் வேகம் எப்படிப்பட்டது என்பதற்கு நாம் தினம் பார்த்த சான்று இருக்கிறது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில், தூக்குப் பகுதியின் இரும்பு அரித்துப்போனதால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் என்னும் சிறப்புப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். காரைக்குடியில் உள்ள சிக்ரி ஆராய்ச்சி நிறுவனம், உலோகங்கள் கடற்காற்றில் எப்படி அரிக்கின்றன என்று சோதித்துப் பார்க்க மண்டபத்தையே தேர்ந்தெடுத்து நிலையம் அமைத்தது. பாலத்துக்கு அடித்த பூச்சையே காருக்கும் அடிக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பாலத்தின் தகடு தடிமனானது. அதைத் தயார் செய்யும் முறையும் வேறு. காரின் வெளித்தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த முரட்டு வேலையை அது தாங்காது. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, பூச்சுக்கு முன் இரும்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்ற கண்டிப்பை மட்டும்.

அடுத்த கேள்வி, எந்தத் தண்ணீர் என்பது. தீவில் சில இடங்களில் மணல் ஊற்றுத் தண்ணீர் நன்றாகவே இருக்கிறது. பத்து வீடு தள்ளிப் போனால் கரிக்கிறது. போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உப்புதான். அந்தத் தண்ணீரில் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தால், எடுக்க வேண்டிய உப்பை நாமே கொண்டுவந்து பூசுகிறோம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடாக இருந்தால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேன் தண்ணீர் வாங்குங்கள். ஒரு பானட்டுக்கும் ஒரு கதவுக்கும் இரண்டு கேன் தாராளமாகப் போதும். கடைசி அலசலுக்குப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு மூன்று லிட்டர் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பெயின்ட் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

உப்பு போய்விட்டதா என்று பார்க்கப் பெரிய தொழிற்சாலைகளில் தனிக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். நம் அளவுக்கு, ஆர்.ஓ. தண்ணீர் சரிபார்க்க வருபவர் கையில் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்புகளைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் போதுமானது. சுத்தமான பஞ்சை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, உள்ளங்கை அளவு இடத்தை நன்றாகத் துடைத்து, அதே பஞ்சைச் சிறிது டிஸ்டில்டு வாட்டர் உள்ள கிண்ணத்தில் பிழிந்து அளந்து பாருங்கள். தகட்டில் தொடாத பஞ்சையும் அதே அளவு தண்ணீரில் பிழிந்து அளந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் இன்னும் அலச வேண்டும். இது துல்லியமான சோதனை இல்லை; சோப்பு மிச்சமிருந்தாலும் எண் ஏறும். ஆனால் முதல் அலசலுக்கும் மூன்றாவது அலசலுக்கும் எண் இறங்குவதைப் பார்த்தவர் யாரும் பிறகு அலசாமல் பிரைமர் அடிக்க மாட்டார்.

வேலையின் வரிசையைச் சொல்கிறேன். பழைய பெயின்ட்டில் கை வைப்பதற்கு முன்பே வண்டியைச் சோப்பு போட்டு நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் மெழுகும் கிரீசும் எடுக்கும் டிகிரீசரால் துடைக்க வேண்டும். தேய்த்த பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டால், பாலிஷில் உள்ள சிலிக்கோனைத் தாள் தகட்டின் கீறலுக்குள்ளேயே தேய்த்துவிடும். பின்னால் பெயின்ட் அங்கே ஒட்டாமல் விலகி, மீன்கண் என்னும் சிறு வட்டக் குழிகள் விழும். டிகிரீசருக்கு இரண்டு பனியன் துணிகள் வேண்டும்: ஒன்றால் நனைத்துத் தேய்த்து, அது ஆவியாவதற்குள் காய்ந்த இன்னொன்றால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்துக் காயவிட்டால் அழுக்கு கரைந்து மறுபடியும் அங்கேயே படிகிறது.

உரிப்பதற்கு 80 நம்பர் தாள் போதும். கிரைண்டரில் டிஸ்க் போட்டு ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் தகடு சூடேறி நெளிந்துவிடும், முக்கியமாகப் பானட்டின் நடுப்பகுதி. நெளிந்த தகட்டை நேராக்குவது துருவை எடுப்பதைவிடப் பெரிய வேலை. பெயின்ட் ரிமூவர் பயன்படுத்துவதாக இருந்தால் மடிப்புகளையும் ஓரங்களையும் டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள்; மடிப்புக்குள் ஊறிய ரிமூவர் பிறகு கசிந்து புதுப் பெயின்ட்டையும் தூக்கும். ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: கடற்கரை மணலை அள்ளிப் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி உரிப்பது) செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த மணல் உப்பைத் தகட்டுக்குள் அடித்து இறக்கும்; அதன் தூசு அடிப்பவரின் நுரையீரலைக் கெடுக்கும்; மெல்லிய தகட்டை அலை அலையாக்கியும் விடும்.

துருக்குழிகள்தான் பொறுமையைக் கேட்கும் இடம். தகடு பளபளவென்று தெரிந்தாலும், சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் குண்டூசி முனை அளவில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றிலும் துருவும் உப்பும் இருக்கின்றன. ஒயர் பிரஷால் தேய்த்தால் மேலே பளபளப்பு ஏறுமே தவிர, குழி சுத்தமாகாது. பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைச் சிறு பிரஷால் அங்கே மட்டும் தடவி, காய விடாமல் ஈரமாகவே வைத்திருந்து, ஸ்காட்ச் பிரைட்டால் தேய்த்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். கறுப்பு மறையவில்லை என்றால் மறுபடியும் செய்யுங்கள். பின்பக்கம் வரை ஓட்டை விழுந்திருந்தால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பதே முறை. ஃபைபர் ஒட்டி மூடுவது துருவை மறைக்கும், நிறுத்தாது.

கடைசி அலசல் முடிந்ததும் வேகம் வேண்டும். ஈரத்தைத் துணியால் ஒற்றி, ஹேர் டிரையரோ ஹீட் கன்னோ கொண்டு ஓரங்களையும் மடிப்புகளையும் காய வைத்து, புதிய 120 அல்லது 150 நம்பர் தாளால் காய்ந்த நிலையில் ஒருமுறை சீராகத் தேய்த்து, தூசை ஊதி, டிகிரீசரால் இரண்டு துணி முறையில் துடைத்து, உடனே பிரைமர் அடிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் வெறுங்கையால் தகட்டைத் தொடக் கூடாது. வியர்வையும் உப்புதான், நம் ஊர் வெயிலில் ஒரு விரல் பட்டால் போதும், அதன் ரேகை மறுநாள் துருவாகத் தெரியும். கையுறை மாட்டிக்கொள்ளுங்கள், நெற்றி வியர்வை சொட்டாமல் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

எத்தனை மணி நேரத்திற்குள் என்ற உங்கள் கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டுப் பட்டறைகளில் அன்றைய நாளுக்குள் அடித்தால் போதும் என்பார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் உங்கள் வீட்டில், கடைசித் தேய்ப்புக்கும் முதல் கோட்டுக்கும் இடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள் என்பேன். இது என் அனுபவ அளவுதான். எல்லா நாளுக்கும் பொருந்தும் சட்டம் இல்லை. இதைவிட உறுதியாகச் சொல்லக்கூடியது, அடிக்கும் நேரத்துத் தகட்டின் சூட்டைப் பற்றியது. தகடு, காற்றின் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டில் இருக்க வேண்டும், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. காற்று 30 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமும் இருந்தால் பனிநிலை சுமார் 26 டிகிரி. அப்போது தகடு 29 டிகிரிக்குக் குறையக் கூடாது. இரவெல்லாம் வெட்டவெளியில் குளிர்ந்த தகடு காலை ஏழு மணிக்கு அந்தச் சூட்டில் இருக்காது, கண்ணுக்குத் தெரியாத பனி பூத்திருக்கும். காற்று 34 டிகிரிக்கு ஏறி ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு இறங்கும் நேரத்தில் பனிநிலை 25 டிகிரிதான், தாராளமாக அடிக்கலாம். ஆகவே வெயில் ஏறிய பிறகு, ஆனால் நிழலில், முற்பகல் பத்து மணியிலிருந்து அடியுங்கள். வெயிலில் கை வைக்க முடியாமல் சுடும் தகட்டில் அடித்தால் தின்னர் பறந்து பிரைமர் தூளாக விழும்.

மாதமும் முக்கியம். வாடைக்காற்று வீசும் மழைக்காலத்தில் வெளியில் இந்த வேலை வேண்டாம். கச்சான் என்னும் மேல்காற்று பலமாக வீசும் நாட்களில் மணலும் உப்புச் சாரலும் சேர்ந்து வருவதால், நாலு பக்கமும் மறைத்த இடம் இல்லாமல் வெறும் தகட்டைத் திறந்து வைக்கக் கூடாது. மாசி, பங்குனியில் காற்று அடங்கியிருக்கும் நாட்களே நமக்கு வசதி. எந்த மாதமானாலும் பானட்டையும் கதவையும் ஒரே நாளில் உரிக்காதீர்கள். ஒன்றை உரித்து, பிரைமர் அடித்து, பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

இனிப் பிரைமர். இந்தக் கரையில் வெறும் மைல்டு ஸ்டீல் தகட்டுக்கு நான் அடிப்பது ஹார்டனர் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர்தான். நீரையும் உப்பையும் தடுப்பதில் அது மற்றவற்றைவிடத் தெளிவாக மேலானது. பட்டியையும் மேல்பூச்சையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கோட்டு, காய்ந்தபின் 40 முதல் 60 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமன் இருக்கட்டும். கலக்கும் அளவும், சில தயாரிப்புகளில் கலந்தபின் காத்திருக்க வேண்டிய நேரமும், அடுத்த கோட்டுக்கான கெடுவும் டப்பாவுக்கு டப்பா மாறும். அதில் அச்சிட்டிருப்பதைப் பின்பற்றுங்கள், என் சொல்லைக்கூட அதற்குமேல் வைக்காதீர்கள். கெடு தாண்டிவிட்டால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டுத்தான் அடுத்ததை அடிக்க வேண்டும்.

எட்ச் பிரைமர் மோசமானது இல்லை. அதில் உள்ள அமிலம் உலோகத்தைக் கடித்துப் பிடிப்பதால் அலுமினியத்திலும் துத்தநாகம் பூசிய தகட்டிலும் அது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அதன் படலம் மிக மெல்லியது. அதை மட்டும் அடித்து நிறுத்தினால் ஈரம் உள்ளே போய்விடும். அதன்மேல் நேரடியாகப் பாலியெஸ்டர் பட்டி போடவும் கூடாது. எட்ச் பிரைமருக்கு மேலே எபாக்சி அடித்தால் இரண்டு பலமும் கிடைக்கும் என்று நினைத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். எபாக்சி தயாரிப்பாளர்கள் பலர் இதைக் கூடாது என்றே சொல்கிறார்கள், மிச்ச அமிலம் எபாக்சியின் ஹார்டனரோடு மோதும் என்பதால். ரெட் ஆக்சைடு கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் ஏற்றது. காரின் பெயின்ட்டில் வரும் கடுமையான தின்னரை அது தாங்காது.

அறிவுள்ளவர்கள் இரண்டாகப் பிரியும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, பாஸ்பாரிக் அமிலம் பட்ட தகட்டில் எபாக்சி அடிக்கலாமா என்பது. அமிலம் முழுக்க அலசப்பட்டு, தேய்க்கவும் பட்டால் பிடிக்கிறது என்பது நான் கண்டது. அலசாமல் காயவிட்ட இடங்களில் தோல் தோலாகக் கழன்றதையும் பார்த்திருக்கிறேன். மற்றொன்று, துருவைக் கறுப்பாக மாற்றிவிடும் ரஸ்ட் கன்வெர்ட்டர். சேஸிஸிலும் பிராக்கெட்டிலும் அதற்கு இடம் உண்டு. வெளித்தகட்டில், அதுவும் உப்பு ஊறிய துருவின்மேல், அதை நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பட்டி பற்றிச் சுருக்கமாக. பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஆகவே எபாக்சி அடித்து, அது காய்ந்தபின் 180 நம்பர் தாளால் தேய்த்து, அதன்மேல் பட்டி போடுங்கள். பட்டியைத் தண்ணீர் விடாமல் காய்ந்த நிலையிலேயே தேயுங்கள். தேய்க்கும்போது எங்காவது தகடு தெரிந்தால் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி எபாக்சி. பிறகு மேற்பரப்பைச் சமமாக்கும் சர்ஃபேசர் பூச்சு, 400 முதல் 600 நம்பர் வரை தேய்ப்பு, மேல்பூச்சு. சர்ஃபேசரோடு நிறுத்தி மாதக் கணக்கில் வண்டி ஓட்ட வேண்டாம். அது ஈரத்தைக் குடிக்கும்.

கம்ப்ரசரிலும் தண்ணீர் இருக்கிறது. நம் காற்றை அழுத்தினால் டேங்கில் தண்ணீர் சேராமல் இருக்காது. அடிப்பதற்கு முன் டேங்கின் அடித்திருகைத் திறந்து வடித்துவிட்டு, காற்றின் ஈரத்தைப் பிடிக்கும் மாய்ஸ்சர் டிராப்பைக் கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டாமல், காற்று குழாயில் ஓடிக் குளிர்ந்த பிறகு வரும் இடத்தில் மாட்டுங்கள். கன்னை வெள்ளைத் துணிக்கு நேரே பிடித்து வெறும் காற்றை அடித்தால் ஈரமோ எண்ணெயோ வருவது தெரிந்துவிடும். ஹார்டனர் கலந்த சர்ஃபேசரிலும், கடைசியில் அடிக்கும் நிறமற்ற கிளியரிலும், மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருக்கிறது. காகித மாஸ்க்கும் முகத்தில் கட்டிய துண்டும் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி இல்லையென்றால், எபாக்சி வரை நீங்கள் செய்துவிட்டு, மேல்பூச்சை வசதியுள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள். எபாக்சிக்கும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம். அதன் ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது பிறகு விடாது.

உங்கள் கதவில் கொப்புளம் வந்த இடங்களை மட்டும் தேய்த்துத் திருத்தலாமா என்று நினைத்திருப்பீர்கள். ரெட் ஆக்சைடு அடியில் இருக்கும்வரை அது பயன்படாது. முழுத் தகட்டையும் மறுபடி உரிக்க வேண்டும். கதவின் கீழ் ஓரத்தில் வெளித்தகடும் உள்தகடும் மடிந்து சேரும் இடத்தைத் தனியாகப் பாருங்கள். துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் வெளியே வருகிறது. உள்பக்க டிரிம்மைக் கழற்றி, அடியில் உள்ள வடிகால் துளைகளைக் குத்தித் திறந்து, உள்ளேயும் நல்ல தண்ணீர் விட்டு அலசிக் காய வைத்துவிடுங்கள். வெளிப்பக்க எபாக்சி காய்ந்த பிறகு மடிப்பின் இடுக்கை அடைக்கும் சீம் சீலர் இழுத்து, பெயின்ட் வேலை எல்லாம் முடிந்த பின்பு கதவின் உள்ளே கேவிட்டி வேக்ஸ் (உட்கூட்டில் துருவைத் தடுக்கும் மெழுகு) அடியுங்கள். வேக்ஸ் முன்னாலேயே அடித்தால் அதன் ஆவி பெயின்ட்டில் மீன்கண்ணாக வரும்.